தண்ணிச் செடிக்கு வெயில்

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடித் தொட்டியாம். தொட்டிக்குள்ள ஒரு காடாம். அந்தக் காட்டுக்குக் கடல் தாண்டி ஒரு செடி வந்துச்சாம். எங்கள் தாத்தா சொல்லும் கதையெல்லாம் இந்தத் தினுசில்தான் கிளம்பும். கேட்கிறவன் ‘உம்’ போட மறந்தால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார். அதனால் நீங்களும் ‘உம்’ போட்டுக்கொண்டே வாருங்கள்.

வண்ணமீன் கடை வேலையில் மீன் விற்பது சுலபம். விற்ற மீனுக்கும் செடிக்கும் பிறகு பதில் சொல்வதுதான் பாடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், எஸ்.டி.டி. பூத்தை ஒட்டின கடையில் நான் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் ஏர் பம்ப் சத்தத்தைத் தாண்டாது என்பது தனி வேதனை. வீட்டில் மீன் தொட்டி வைத்துப் பேச்சு வாங்கிய மக்களே, இது உங்களுக்காகத்தான்.

தனி வாளி

வெளிநாட்டுச் செடிகள் சென்னை வரை பிளேனில் வரும். அங்கிருந்து எங்கள் கடைக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில், ஈரப் பேப்பர் சுற்றிக்கொண்டு வரும். வந்த செடி நேராகத் தொட்டிக்குள் போகக் கூடாது என்பது முதலாளி செல்வம் அண்ணனின் சட்டம். படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்கி, தனி வாளியில் சில நாள் போட்டு, இலைக்கு அடியில் கோந்து மாதிரி ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை விரலால் தடவித் தடவித் தேட வேண்டும். அந்த வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவும் விடமாட்டார். சாக்கடை ஏரிக்குப் போகிறது. கொல்லையில் காய்ந்த மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

ஒருநாள் புதுமாப்பிள்ளை ஒருவர் வந்து, வாளியில் கிடந்த சிவப்பு இலைச் செடிதான் வேண்டும், இப்போதே வேண்டும் என்று நின்றார். மாமனார் வீட்டிலிருந்து தொட்டி வந்திருக்கிறதாம், சாயங்காலம் ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். இன்னும் சில நாள் ஆகட்டும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே வலை கழுவிக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்: “பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே உங்கள உள்ரூமுக்கு வுட்டாங்களா சார்? செடிக்கும் அந்த மொற கீது.”

கற்பூரம் ஏற்றி

அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் இருந்த ஒரு சார் எங்கள் நல்ல வாடிக்கையாளர். வடக்கே மாற்றலாகிப் போகும்போது, பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஆட்டோவை நிறுத்திச் சொல்லிக்கொண்டு போக வந்தார். தொட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தொட்டியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். மீனையெல்லாம் காலையில் நம் ஏரிக்கரை அம்மனுக்குக் கற்பூரம் காட்டி ஏரியில் விட்டுவிட்டாராம். தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று எங்களிடம் வாங்கின, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய அந்தப் பாசி தின்னி மீன்களும் சேர்த்தி.

‘ஏரியிலா சார்?’ என்று நான் கேட்டது ஆட்டோ சத்தத்தில் அமுங்கிப் போனது. அவர் மனைவி ஆட்டோவிலிருந்து ஈரக் கண்ணோடு எட்டிப் பார்த்தார். தூக்கிப் போட மனசில்லாமல் செய்த காரியம் அது. எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆட்டோ கிளம்பும்போது சார் எனக்கு ஆறுதல் மாதிரி சொன்னார்: “தண்ணியில பொறந்தது தண்ணிக்கே போகட்டும்னு விட்டோம் தம்பி. புண்ணியம் உனக்கும் உண்டு.”

புண்ணியம் திரும்பி வந்தது

அடுத்த கோடையில் அந்தப் புண்ணியம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கடைக்கு வந்தது. கொண்டு வந்தவர் முனுசாமி அண்ணன். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். எங்கள் தொட்டியில் விரல் நீளம் இருந்த பாசி தின்னி, வாளிக்குள் முழங்கை நீளத்துக்கு முறைத்துக்கொண்டு கிடந்தது. அதன் செதில் முள் வலையில் மாட்டினால் எடுக்க முடியாதாம், வலையை அறுக்கத்தான் வேண்டுமாம். வாங்கவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் கடை வாசலில் குந்தி, கிழிந்த வலையைத் தரையில் விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். செல்வம் அண்ணன் அன்றைக்கே ஒரு அட்டை எழுதி மாட்டச் சொன்னார்: வேண்டாத மீனையும் செடியையும் எங்களிடமே கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள் என்று. முனுசாமி அண்ணன் டீயைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாதி ஏரிய ஆகாயத்தாமர துன்னுட்ச்சி நைனா. மீதி கீற தண்ணியிலதான் என் சோறு. உங்க சரக்கு கண்ணாடியோட நிக்கட்டும்.”

சோப்பு டப்பாவில் வந்தது

புஷ்பா டீச்சர் அந்த அட்டையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஓய்வு பெற்றவர், வீடு ஏரிக்கரைத் தெருவில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். கையில் இருந்த தூக்கைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன மிதக்கும் இலைகள், மேலே பூனை ரோமம் மாதிரி முடி. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடும், ஒட்டாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, சோப்பு டப்பாவுக்குள் வைத்து, ஒரே ஒரு கிள்ளு கொண்டு வந்தானாம். ‘நான் வர்ற வரைக்கும் இது உனக்குத் துணைம்மா’ என்று தொட்டியில் போட்டுவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு வரவில்லை. செடி மட்டும் தொட்டியை மூடி, துணி ஊறவைக்கும் டப்பை மூடிவிட்டது. கறிவேப்பிலைக் கன்று கொடுப்பது போல மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு பார்வதி அக்காவுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்.

இப்போது டீச்சர் தங்கையோடு ஊரப்பாக்கம் ஃபிளாட்டுக்குப் போகிறார். அங்கே இடமில்லை. மீனைத்தானே விடக் கூடாது, செடியைக் கொஞ்சமாவது வெள்ளிக்கிழமை ஏரியில் விடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். செல்வம் அண்ணன் தூக்கை வாங்கிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார். இதில் ஒரு துண்டு ஏரியில் விழுந்தால் போதும் என்றார். உடைந்த துண்டெல்லாம் தனிச் செடி. பாய் விரித்த மாதிரி தண்ணீரை மூடிவிடும், கீழே மீன் மூச்சுவிட முடியாது. முனுசாமி அண்ணனின் மீதித் தண்ணீர் என் கண்முன் வந்து நின்றது. ஒரு இலைகூட ஏரிக்குப் போகக் கூடாது, முழுசாக அழித்துவிட வேண்டும் என்று நான்தான் டீச்சரிடம் சொன்னேன். முணுமுணுக்கும் பிள்ளைகளைக் கேட்டே பழகினவர், பம்ப் சத்தத்திலும் என் குரல் அவருக்கு விழுந்தது. தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: “உசுரோட இருக்கறதக் குப்பையில போடச் சொல்றியாப்பா? என் புள்ள கையால கொண்டாந்தது இது ஒண்ணுதான்.”

வடகம்

குப்பை வேண்டாம் டீச்சர், நீங்கள் வடகம் காயவைப்பீர்கள்தானே என்று கேட்டேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரில் இதை ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தால்தான் அடங்கும்.

மறுநாள் காலை அவர் வீட்டு மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அவருக்குக் கூச்சம். ஒரு கிண்ணம் ஊறுகாயோடு பார்வதி அக்கா வீட்டுக்குப் போய், கடைசி இலை வரை வழித்து வாங்கிக்கொண்டு வந்தார். காக்காய் கொத்திக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிடக் கூடாதே என்று குடைக்கடியில் குச்சியோடு உட்கார்ந்தார். மகன் சின்ன வயதில் இதே இடத்தில் வடகமாவு திருடித் தின்ற கதையெல்லாம் சொன்னார். நான் உம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மாமல்லபுரம் பக்கமிருந்து கருகருவென்று ஒரு மேகம் ஏறி வந்தது. மாடித் தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே ஏரிக்குப் போகும் கால்வாய். டீச்சர் தலையில் போட்டிருந்த துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தார். ஆளுக்கு இரண்டு மூலையாக வேட்டியை வாரிச் சுருட்டி, படிக்கட்டுக்குள் ஓடினோம். நாலு தூறலோடு மேகம் போய்விட்டது. படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே டீச்சர் சிரித்தார்: “மழைக்கு வடகத்தத் தூக்கிட்டு ஓடியிருக்கேன்பா. ஏரியத் தூக்கிட்டு ஓடுனது இதான் மொதல் தடவ.”

பூ

நன்றாகக் காய்ந்ததைக் கையால் நொறுக்கி மல்லிகைப் பூந்தொட்டியில் போட்டுக் கிளறினார் டீச்சர். ஊரப்பாக்கத்துக்கு அந்த ஒரு தொட்டி மட்டும் கூடவே போனது. நான் சென்னை வண்டியில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே ஏரியைப் பார்ப்பேன். ஆகாயத்தாமரை போக, மீதித் தண்ணீர் மீதியாகவே கிடந்தது.

கொஞ்ச மாதம் கழித்து, பென்ஷன் விஷயமாகச் செங்கல்பட்டு வந்தவர் கடைக்கு வந்தார். வாழை இலையில் சுற்றின, அந்தத் தொட்டியில் பூத்த மல்லிச் சரத்தை எடுத்து, கல்லாவுக்கு மேலே இருக்கும் சாமி படத்துக்குப் போடச் சொன்னார். முந்தின ராத்திரி மகன் போன் பண்ணினானாம். பேச்சுவாக்கில் செடியைப் பற்றிக் கேட்டானாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை விடை சரிதானா என்று கேட்பது போல என்னைக் கேட்டார்: “நல்லாப் பூக்குதுடான்னு சொன்னேன். பொய் இல்லியே, தம்பி?”

இல்லை டீச்சர் என்று நான் சொன்னதையும் காதில் வாங்கிக்கொண்டு அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். தண்ணீரில் வாழ வைக்கச் சொல்லிக்கொடுப்பதற்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள், நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்ததோ காயவைப்பதற்கு.