பற்றரித் தண்ணீரும் சுருட்டுப் பெட்டியும்

போன கிழமை மருமகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்களில் சிலர் நல்ல சுருட்டுக் கேட்கிறார்களாம். "மாமா, நீங்கள் கப்பல் கந்தோரிலை இதெல்லாம் செய்தனீங்கள்தானே? பெட்டியைப் பழக்கித் தாங்கோவன்" என்றார். பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டேன். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மருமகன் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. நான் திரும்பவும் புகைக்கத் தொடங்கப் போகிறேன் என்பது அவளுடைய சந்தேகம். ஒரு வீட்டில் இரண்டு சந்தேகக்காரர் இருப்பது பாதுகாப்புத்தான்.

சுருட்டென்றால் எங்களுக்குத் தெரிந்தது யாழ்ப்பாணச் சுருட்டு. காதிலும் செருகலாம், கூரைச் சிலாகையிலும் செருகலாம். கப்பல்காரரின் சுருட்டு அப்படியில்லை. ஈரம் குறையாமல் அதை வைத்திருக்கத்தான் இந்த வாசப் பலகைப் பெட்டி. புதுப் பெட்டியில் நேரே சுருட்டை அடுக்கினால், காய்ந்த பலகை அதன் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதனால் முதலில் பலகையின் தாகத்தைத் தீர்க்க வேண்டும். கார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் துணியை நனைத்து உள்ளே துடைத்து, ஈரப் பஞ்சை ஒரு தட்டில் வைத்து மூடி, நாட்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சரிவராது, பூஞ்சணம் பிடிக்கும். மூடியில் மணிக்கூடு போல ஒன்று ஈரத்தைக் காட்டும். அந்த முள்ளையும் நம்பக்கூடாது. ஈர உப்போடு சேர்த்து ஒரு பையில் அடைத்துச் சோதிக்க வேண்டும். எதையும் நம்பாமல் செய்கிற வேலை என்பதாலோ என்னவோ, எனக்கு இது நன்றாக வந்தது.

தண்ணீர் வாங்கக் கராஜடிக்குப் போனேன். கடைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்காமல் போத்தலை நீட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பில் எழுதுவித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "கறுத்த பையிலை போடட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம், வெளியிலை தெரியட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இளம் ஆள். பற்றரித் தண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம் அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், பென்சில் சீவியது போல ஒரு மணம். அது என்னை நேரே துறைமுகத்தடிக் கந்தோருக்குக் கொண்டுபோய்விட்டது. வருகிற கப்பல்களுக்கு வேண்டியதைக் கவனிக்கும் ஏஜென்சி அது. நான் அங்கே கிளார்க். ரஹீம் நானா குசினியும் ஸ்டோரும் பார்த்தவர். கிண்ணியாவிலிருந்து துறையடிப் படகேறி வருவார். கப்டன்மாருக்குத் தேத்தண்ணியும் சுருட்டும் கொடுப்பது அவர் பொறுப்பு. மனேஜர் எங்கள் இருவரையும் நம்பவில்லை. அந்தச் சண்டைக் காலத்தில் யார் யாரை நம்பினார்கள்? புது ஆள் பக்கத்தில் வந்து நின்றால் கதையை மழைக்கு மாற்றிவிடுவோம்.

கந்தோரின் பழைய சுருட்டுப் பெட்டியில் மூடிப் பிணைச்சல் கழன்றுவிட, கொழும்பிலிருந்து புதிது வந்தது. மறுநாள் தொடக்கம் லீவு. ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டுமே என்று, "வீட்டை கொண்டுபோய்ச் செய்யும்" என்றார் மனேஜர். சைக்கிள் கரியரில் பெட்டி, ஹாண்டிலில் பற்றரித் தண்ணீர், ஒரு பொட்டலத்தில் உப்பு. எதைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்பது ஆமிக்காரரின் சென்றியை அடையும்வரை எனக்கு உறைக்கவில்லை.

முள் வைத்த பெட்டி, பற்றரித் தண்ணீர், வெள்ளைத் தூள். பார்த்தால் குண்டேதான். காவலுக்கு நின்ற எல்லோரும் பின்னுக்குப் போய், என்னைப் பெட்டியோடு நடுவீதியில் விட்டார்கள். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் தூரத்தில் நின்று கேட்டார்.

"என்ன அது? மணிக்கூடா?"

"சுருட்டுப் பெட்டி, ஐயா."

"சுருட்டு எங்க?"

"இன்னும் வைக்கேல்லை. முதல்லை பெட்டியை ஈரமாக்க வேணும்."

"சுருட்டு வைக்க ஈரமா?"

அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன். தூளைத் தின்னச் சொன்னார்கள். தின்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து உப்பை மட்டும் நம்பினார்கள். ட்ரக் வருகிறது என்றார்கள். அப்படி ட்ரக்கில் ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி. இந்த மருமகனைக் கட்டியிருக்கும் மகள்தான் அப்போது வயிற்றில்.

அதிகாரி கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். மனேஜர் சொன்ன பதிலைச் சிப்பாய் என்னிடம் சொன்னார்: "ஆள் அவங்கட ஆள்தானாம். பெட்டியப் பத்தி அவருக்கு ஒண்டும் தெரியாதாம்."

வாயில் உப்பு இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. மனேஜர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. கரியரில் இன்னொரு பெட்டி, அதிலும் ஒரு முள். ரஹீம் நானா! ஒரு பெட்டிக்கே அரண்டுபோனவர்களின் துவக்குகள் அவர் பக்கம் திரும்பின. "வராதேங்கோ நானா!" என்று கத்தினேன். அவர் சைக்கிளை நிறுத்தி இரண்டு கைகளையும் தூக்கி, "சுருட்டு, மாத்தையா! சுருட்டு!" என்றார். பிறகு அவர்கள் சொன்னபடி, பிணைச்சல் போன மூடியை மெல்லத் திறந்தார். புகையிலை மணம் வீதிக்கு வந்தது. அதிகாரி ஒன்றை எடுத்துக் காதருகே உருட்டினார். நொறுங்கவில்லை. இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். சுருட்டு முழுவதையும் வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடந்தோம். மனேஜர் ரெலிபோனில் பேசியபோது நானா தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"பயமில்லையா, நானா?"

"பயமில்லாமலா? ஆனா அந்தாள் போனை வெச்ச விதத்திலயே, ஒங்களுக்கு வேற ஆள் வராதெண்டு வெளங்கிச்சு, தம்பி."

லீவு முடிந்து வந்த மனேஜர் பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சுருட்டெல்லாம் எங்கை?" என்று நானாவை முறைத்தார். நானா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தார். "பெட்டியப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா, சேர்." மனேஜர் பெட்டியை மூடிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார்.

இன்று காலை மருமகனின் பெட்டி தயார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, சோதித்தும் பார்த்துவிட்டேன். பெட்டியையும் மிச்சத் தண்ணீரையும் ஒரே பையில் வைத்தேன். இத்தனை நாளும் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்திருந்தவன் நான். பஸ்ஸுக்கு நேர்வழி இருக்க, துறைமுகப் பக்கமாகச் சுற்றிப் போனேன். கந்தோர் இருந்த கட்டடத்தில் வேறு பெயர்ப்பலகை. சென்றி இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். பழக்கதோஷத்தில் அங்கே நின்றுவிட்டேன். "இளநி வெட்டட்டோ, ஐயா?" என்றார். பையில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

சென்றி போனதில் எனக்குச் சந்தோஷம்தான், அதில் மட்டும் சந்தேகமில்லை. துறையடிப் படகும் போய்விட்டது. கிண்ணியாவிலிருந்து இப்போது பாலத்தால் சட்டென்று வந்துவிடலாம். ஆனால் இனி என்னை யாராவது மறித்து வைத்தால், பழைய பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வர ரஹீம் நானா இல்லை.