கோச்சி போன காலை

மாதத்துக்கு ஒருமுறை கணவரைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டக்களப்பு ரயில் நிலையத்துக்கு வருவேன். இரண்டு வருடமாக வந்தும் அதைச் சுற்றி என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. ஓட்டோவால் இறங்குவேன், பையைத் தூக்குவேன், அவரை ஏற்றிவிட்டு நானும் ஏறுவேன். அவ்வளவுதான்.

அன்று வழியில் யானை அடிபட்டதால் கோச்சி வந்து சேரவில்லை. எப்போது புறப்படும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீ போய் ஏதும் சாப்பிட்டுட்டு வா. நான் இதில இரிக்கன்" என்று அவர் மர வாங்கில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கால் போன பக்கம் நடந்தேன். பீலி ஓடு போட்ட பழைய வீடு ஒன்று, கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத தூண்களோடு நின்றது. அதன் பாதியில் போன் திருத்தும் கடை. மீதி பூட்டிக் கிடந்தது. வாசலுக்கு மேலே இருந்த நிறக் கண்ணாடிகளில் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் கடதாசி மட்டை வைத்திருந்தார்கள். அடுத்தது தயிர் முட்டிக் கடை, அதற்கடுத்தது சவப்பெட்டி விற்கும் மலர்ச்சாலை. அதைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறிவிட்டேன்.

மறுபக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரி என்னைப் பார்த்ததும், "என்னகா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? இரி, சுடச்சுடப் பிட்டு இரிக்கு" என்றாள்.

பிட்டும் இறால் குழம்பும் தந்தாள். இன்னொருத்தி சமைத்துப் போட்டுச் சாப்பிட்டு எவ்வளவு நாள்! பாதியில் சுவரில் தலையைச் சாய்த்தேன். ஒரு நிமிடம்தான் என்று நினைத்தேன்.

விழித்தபோது கணவர் எதிரே தேத்தண்ணியோடு இருந்தார். பை அவர் காலடியில்.

"கோச்சி வந்திட்டா?"

"வந்திட்டு. போயிட்டு."

"ஏன் எழுப்பல்ல?"

"நான் எழுப்பப் போனன்கா. அவர்தான் விடல்ல" என்றாள் கடைக்காரி.

"உன்னக் கூப்பிடத்தான் வந்தன். ரெண்டு வருசத்துல நீ இப்பிடி நித்திரை கொண்டு நான் காணல்ல. மனம் வரல்ல" என்றார் அவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கட வருத்தத்துக்கு மருந்து எடுக்கத்தானே இந்த ஓட்டம் என்று ஆட்கள் முன்னால் ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதும்விட்டேன். அவர் நான் வைத்த மிச்சப் பிட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார். பல நாளாகக் கஞ்சியைத் தவிர எதையும் தொடாதவர்.

ஒரு கிழமை, ஏழு நாள் கழித்துத்தான் கொழும்புக்குப் போக முடிந்தது. ஏன் பிந்தினீர்கள் என்று டாக்டர் ஏசினார். தலை குனிந்து கேட்டது நான்தான். கணவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.