நஸ்ரினின் கறுத்த குடுவை

நஸ்ரின் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவின் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகப் பாக்டீரியா வளர்ப்பவன் நான். அவள் கடையநல்லூரிலிருந்து வேலை விசாவில் வந்து எட்டே மாதம். ரவாங்கில் வாடகை அறை, விடியற்காலை ரயில், கையில் புளிச்சோற்று டப்பா. "அண்ணே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று நீட்டுவாள். சாப்பிட்டுவிட்டு மனசுக்குள் திட்டுவேன்.

எங்கள் வேலை இதுதான். பலேடியம் உப்பு கரைந்த மஞ்சள் நீரில் பாக்டீரியாவை விட்டால், அது உலோகத்தைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாக்கித் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். நீர் கறுத்துப் போகும். அந்தத் துகள்தான் எரிபொருள் கலத்தில் மின்சாரம் வரவைக்கும் வினையூக்கி. என் குடுவை கறுக்க ஒரு முழு நாள். அவளுடையது மதியச் சாப்பாட்டுக்குள்! ரகசியம் ஒன்றுமில்லை. அது வளர்ந்த ஊட்டச்சாறு ஒட்டாதபடி பாக்டீரியாவை மூன்று முறை கழுவுவாள், நான் ஒரு முறை. எனக்கு அதைச் சொல்லித்தந்ததே அவள்தான். அவள் சொல்லி நான் கழுவுவதா?

இந்த வருடம் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கான்ட்ராக்ட் என்றார்கள். அது போனால் அவளுக்கு விசாவும் போகும், ஊருக்குத்தான். ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பரமேஸ்வரன் என்னை அழைத்தார். "ராஜன், நஸ்ரினோட பாக்டீரியாவ ஆட்டோகிளேவ்ல அவிச்சு சாகடிச்சிட்டுப் போட்டுப் பாருங்க. செத்ததும் கறுத்தா அது பாக்டீரியா வேலை இல்லலா, வெறும் கெமிக்கல்."

நான் அவிக்கவே இல்லை. உயிரோடிருந்ததைப் போட்டு, குடுவையில் 'செத்தது' என்று எழுதி ஒட்டினேன். மதியத்துக்குள் கறுத்தது. பின்னே, கறுக்காதா!

டாக்டர் நஸ்ரினின் குடுவையையும் என் 'செத்தது' குடுவையையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரில் நான் நிற்கும்போதே அவளிடம் கேட்டார்: "ராஜன் ஒழுங்கா அவிச்சாரா? நீ பார்த்தியா?"

"பார்க்கல சார். ஆனா அண்ணே பதினோரு வருசமா செய்றாங்க, தப்பு பண்ண மாட்டாங்க. நான்தான் எங்கயோ சொதப்பியிருப்பேன்."

சொல்லித் தொலையடா பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் குடுவையில் இருந்த சீட்டை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினேன்.

மறுநாள் என் கான்ட்ராக்டில் கையெழுத்தானது. அவளுக்கு ஊர்போக ஒன்பது நாள் இருந்தது. முதல் ஆளாக வந்து, "நல்லாயிருங்கண்ணே, உங்களுக்குக் கிடைச்சதுதான் நியாயம்" என்றாள்.

அதிலும் என்னை முந்திக்கொண்டாள்.