நாற்பத்தாறாம் பக்கம்

முதல் அறிகுறி ஒரு கல்யாண மண்டபத்தில் வந்தது. சுங்கை சிப்புட்டில் நண்பரின் மகள் கல்யாணம். ஒலிவாங்கி என் கையில். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லி அதன் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி எண்ணில் குரல் உடைந்து, சேவல் கூவுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மண்டபம் சிரித்தது. வேண்டுமென்றே செய்ததுபோல் இன்னொரு தடவை கூவிக் காட்டப் போனேன். அதற்குள் இரண்டாவது கூவல் தானாகவே வந்துவிட்டது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஈப்போவில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் விற்பனை வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று அறிவிப்பாளர். மிச்ச நேரத்தில் எழுத்தாளர். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். குரல் போனால் முதல் இரண்டு வேலையும் போய்விடும். மூன்றாவதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

கரகரப்பு ஏழு வாரம் நீடித்தது. பனங்கற்கண்டு, இஞ்சிச் சாறு, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. உங்களில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மிச்சத்தை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து படிக்கலாம். நேரம் நிறைய இருக்கும்.

நான் அப்படிச் செய்யவில்லை. கைப்பேசியில் தேடினேன். பத்து நிமிடத்தில் எனக்குச் சாவு உறுதியாகிவிட்டது. அடுத்த கவலை, என் இறுதிச் சடங்கில் யார் பேசுவது என்பது. பேரா மாநிலத்தில் ஒலிவாங்கி பிடிக்கத் தெரிந்த எல்லோரோடும் எனக்கு ஏதாவது ஒரு சண்டை இருந்தது. ஆகவே என் இரங்கல் உரையை நானே எழுதினேன். நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிவைக் கொஞ்சம் சுருக்கினேன்.

தனியாகத்தான் டாக்டரிடம் போனேன். சிலிம் ரிவர் ஊர்க்காரப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கி (இதற்கு லாரிங்கோஸ்கோப்பி என்று பெயர், வலி அதிகமில்லை, அவமானம்தான் அதிகம்) திரையில் காட்டினார். என் குரல் நாண்களை அன்றுதான் பார்த்தேன். முப்பது வருடமாக மண்டபங்களை அதட்டியது இந்த இரண்டு சின்னச் சவ்வுகளா என்று இருந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். அதில் ஒன்றின் மேல் வெள்ளையாக ஒரு திட்டு.

“அங்கிள், சிகரெட்டு?”

“ரெண்டு.”

“ஒரு நாளைக்கா, ஒரு மணி நேரத்துக்கா?”

நான் அந்தக் குழாயைச் சாக்காக வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் விட்டேன்.

திட்டின் பெயர் லியூக்கோப்ளேக்கியா (சளிச்சவ்வில் படியும் வெண்திட்டு). மயக்கம் கொடுத்து அதை எடுத்து, பயாப்சிக்கு (எடுத்த சதையை நுண்ணோக்கியில் சோதிப்பது) அனுப்ப வேண்டும். அது புற்றுநோயா இல்லையா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

“சிகிச்ச முடிஞ்சி ஒம்பது நாளைக்கு ஒரு வார்த்த பேசக்கூடாது அங்கிள். குசுகுசுன்னும் பேசக்கூடாது. அது இன்னும் கெடுதல்லா.”

வீட்டுக்கு வந்து என் மனைவி புஷ்பாவிடம், “தொண்டையில சின்ன சதை. பாடகருங்களுக்கெல்லாம் வர்றதுதான்,” என்றேன். பாடகர் என்ற சொல்லை நான் எங்கே அழுத்தினேன் என்று அவள் கவனித்திருப்பாள். புஷ்பா இருபத்தொரு வருடமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். கையுறைக்குள் காற்றடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் இந்த நோயின் மிக மோசமான அறிகுறி.

திங்கட்கிழமை சிகிச்சை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொல்லி மிசி (தாதி) ஓர் அட்டை கொடுத்தார். அதில் ‘பயாப்சி முடிவு’ என்று எழுதியிருந்தது. புஷ்பா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் எங்கே ஒளிப்பது? அலமாரி, மெத்தை, சாமி மேடை எல்லாம் அவள் ராஜ்ஜியம். யோசித்து யோசித்து, இந்த வீட்டில் யாருமே திறக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். என் சிறுகதைத் தொகுப்பு. நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் அட்டையைச் செருகி வைத்தேன்.

மௌனம் முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. கைப்பேசியில் தட்டினால் அதுவே பேசும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டேன். செய்தி வாசிக்கிற பெண் குரலில், ‘புஷ்பா, இரசத்தில் உப்பு போதவில்லை’ என்று அது சுத்தத் தமிழில் சொன்னது.

“இந்தப் பொம்பள நாளைக்கு இந்த வீட்ல இருக்கக் கூடாது,” என்றாள் புஷ்பா.

அதன்பிறகு ஒரு சின்ன நோட்டும் பேனாவும்தான். எழுதுகிறவனுக்கு இது சுலபம் என்று நினைப்பீர்கள். நகைச்சுவைக்கு நேரம் முக்கியம். நான் எழுதி நீட்டுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். மூன்றாம் நாள், என் மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் புஷ்பா கவலையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடத்துக்கு முந்தைய பக்கத்து வீட்டுப் பூனை ஜோக்கை நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நோட்டை மூடிவிட்டேன்.

சிரிக்கவைக்க முடியாமல் போனபோதுதான், நான் எதற்காக இவ்வளவு காலம் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சத்தம் நின்றதும் பயம் நேராக வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுங்கை சிப்புட்டில் ஒரு வாசகர் வட்டம், ‘எழுத்தாளரைச் சந்திப்போம்’ என்று இரண்டு மாதத்துக்கு முன்பே என்னை அழைத்திருந்தது. முப்பது வருடமாக மற்றவர்களை மேடைக்கு அழைத்தவன் நான். என்னை ஒருவர் அழைப்பது அதுதான் முதல் முறை. இரத்து செய்ய மனம் வரவில்லை. ஏற்பாட்டாளர் சண்முகம் அண்ணன் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். என் வாழ்க்கை, என் வேலை, என் இலட்சியம். பதில்களை அழகாக எழுதி, படிக்கும்படி புஷ்பாவிடம் கொடுத்தேன்.

பழைய ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபம். முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து கும்பிட்டேன். புஷ்பா பக்கத்தில் ஒலிவாங்கியோடு.

“மொதக் கேள்வி,” என்றார் சண்முகம் அண்ணன். “உங்க நாள் எப்படித் தொடங்குது?”

புஷ்பா படித்தாள். “விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, உலகம் விழிக்கும் முன் இரண்டு மணி நேரம் எழுதுவேன்.” நிறுத்தினாள். காகிதத்தைச் சன்னல் பக்கம் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தாள். அந்த அசைவு எனக்குத் தெரியும்.

“இதுல ஓட்ட இருக்குங்க,” என்றாள் கூட்டத்திடம். “அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது நானு. பெக்டரி பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு. இவரு எந்திரிச்சி நான் பார்த்ததே இல்ல.”

சிரிப்பு. நான் நோட்டில் ‘காகிதத்தில் இருப்பதை மட்டும் படி’ என்று எழுதிக் காட்டினேன். அதையும் ஒலிவாங்கியில் படித்தாள்.

“எழுத உக்காரும்போது என்ன பழக்கம்?”

“சூடான கோப்பியும் மழைச் சத்தமும், அப்படின்னு எழுதியிருக்காரு. சிகரெட்டுங்க. வீட்டுக்குப் பின்னால நின்னு ஊதிட்டு, பூச்சட்டிய கவுத்துத் துண்டுங்கள மறைச்சி வச்சிருப்பாரு. நாலு சட்டி நெறஞ்சிருச்சி.”

முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்த சிரிப்பு எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். “அக்கா, இது உங்களுக்கு. சாரோட புஸ்தகத்த நீங்க படிச்சிருக்கீங்களா?”

நான் சிரித்தபடியே இல்லை என்று கையாட்டினேன்.

புஷ்பா என்னைப் பார்க்கவில்லை. “மூணு தடவ படிச்சிருக்கேன்,” என்றாள். “சாம்பார் ஒழுங்கா வைக்கத் தெரியாத பொம்பள ஒன்னு அதுல வரும். அது நாந்தான். இவருகிட்ட சொன்னா தல கனத்துரும்னு சொல்லல. இப்ப நாலாவது தடவ எடுத்தேன், போன செவ்வாக்கெழம. நாப்பத்தாறாம் பக்கத்துல நின்னுட்டேன்.”

கூட்டத்துக்கு அது ஒரு சாதாரணப் பதில். எனக்கு மட்டும் அந்த அட்டை ஞாபகம் வந்தது. அட்டையை எந்தப் பக்கத்தில் வைத்தேன் என்று நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

சண்முகம் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. “கடைசிக் கேள்வி. எழுத்தாளரோட எதிர்கால இலட்சியம் என்ன?”

தோட்ட மக்களின் வரலாற்றை ஆயிரம் பக்க நாவலாக எழுதுவது என்று நான் எழுதியிருந்தேன். புஷ்பா காகிதத்தை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவரோட இலட்சியம் புதன்கெழமங்க,” என்றாள். “அன்னிக்கு டாக்டரப் பாக்கணும். நல்லபடியா இருக்கணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க. நானும் லீவு போட்டுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, இது கைதட்டும் இடமா என்று சந்தேகப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

ஈப்போவுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். முன்னால் ஒரு லோரி. சிவப்பு விளக்கில் நின்றபோது நோட்டைத் தூக்கிக் காட்டினேன். ‘ஏன் என்கிட்ட கேக்கல?’

“உங்கள வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கேட்டா சும்மா இருப்பீங்களா நீங்க? அந்தச் சதைக்குப் பாட்டுக் கச்சேரியே வச்சிருப்பீங்க.”

பச்சை விழுந்தது. லோரியை முந்திப் போனாள். “தனியா பயந்தா உங்களுக்கு ஒரு கதையாச்சும் கெடைக்கும். எனக்கு என்னா கெடைக்கும்?” என்றாள்.

நான் எழுத நோட்டைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டு, அவள் கியர் மாற்றும் கை மேல் என் கையை வைத்தேன். “ஓட்ட விடுங்க லா,” என்றாள். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.

புதன்கிழமை தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம். என் எண் வருவதற்குள், மற்ற எண்களில் இருந்த எல்லோரையும் மனதுக்குள் குணப்படுத்தி அனுப்பிவிட்டேன். உள்ளே டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு முதலில் புஷ்பாவைத்தான் பார்த்தார்.

“கேன்சர் இல்ல ஆண்டி.”

பிறகு விளக்கினார். லேசான டிஸ்பிளேசியா (செல்கள் தம் வடிவத்திலிருந்து மாறத் தொடங்கியிருப்பது) இருக்கிறது. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சிகரெட் அடியோடு நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுப் பார்க்க வேண்டும்.

“சரி அங்கிள், இப்ப மெதுவா ஏதாச்சும் பேசுங்க.”

இந்தக் கணத்துக்காக நான் ஒன்பது நாளாக ஒரு ஜோக்கைத் தயாராக வைத்திருந்தேன். டாக்டர், மிசி, புஷ்பா மூவரும் என் வாயையே பார்த்தார்கள். பயத்தில் காலையிலிருந்து புஷ்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது.

“சாப்ட்டியா?” என்றேன்.

துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் இருந்தது சத்தம். புஷ்பா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து, “போதும், அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு,” என்று கேட்டது.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பழைய குரல் முழுதாக வரவில்லை. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் பிசிறடிக்கிறது. கல்யாணங்களில் இப்போது சுருக்கமாகப் பேசுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் அதிகமாகப் பாராட்டுகிறார்கள். கால் மணி நேரம் பேசினால் கொஞ்ச நேரம் ஓய்வு. ஒரு ஜோக் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்கி, அந்த நகத்தளவுச் சவ்வு இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன், இது தேவையா என்று. பெரும்பாலும் தேவை என்கின்றன. அவையும் என்னைப் போலத்தான். நான்கு பூச்சட்டிகளிலும் புஷ்பா புதினா நட்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் வருடங்களாக யோசிப்பேன். இப்போது காலம் மூன்று மூன்று மாதமாக வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புது அட்டை கொடுப்பார்கள். ஒளித்து வைக்கும் அவசியம் இல்லாவிட்டாலும் அதே புத்தகத்தின் அதே பக்கத்தில்தான் வைக்கிறேன்.

இன்று காலை, அடுத்த தேதி என்றைக்கு என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தேன். நாற்பத்தாறாம் பக்கத்தில் அட்டை இல்லை. புரட்டினேன். எண்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. புஷ்பா அதை வைத்துத்தான் விட்ட இடத்தை அடையாளம் வைக்கிறாள்.

இன்னும் முப்பத்தொரு பக்கம் மிச்சம். அவள் முடிப்பதற்குள் அடுத்த புத்தகத்தை எழுதியாக வேண்டும். சண்முகம் அண்ணன் கேட்ட கடைசிக் கேள்விக்கு இதுதான் என் பதில். நாளைக்கு ஐந்து மணிக்கு எழுந்து தொடங்குகிறேன். ஐந்தேகாலுக்கு எழுந்தாலும் சரி, பஸ் ஏறும் முன் அவளுக்கு ஒரு கோப்பி கலந்து கொடுக்க நேரம் இருக்கும்.