இரண்டு மணி பஸ்ஸில் போன கவர்

என் அண்ணனைக் குடிகாரன் ஆக்கியவர் எங்கள் ஊர்ப் பத்திரிகை நிருபர். தெரியாமல் எழுதிவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தெரிந்தேதான் எழுதினார். பத்து வருஷமாக இதை ஷெட்டிலும் டீக்கடையிலும் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் நாமக்கல்லில் லாரி, பஸ்களுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர். பாடி கட்டி முடித்த வண்டி என்னிடம் வரும். முன்னால் கம்பெனி பெயர், பக்கவாட்டில் ஊர்ப் பெயர்கள், பின்னால் 'ஒலி எழுப்பவும்'. எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் நான் எழுதியதை ரோட்டில் போகிறவன் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும், தப்பாகப் படிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

அண்ணன் லாரி டிரைவர். எங்களுக்கு மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். மழையை நம்பிய மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டை வைத்து இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது என்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், நான் பிரஷ்ஷைப் பிடித்தேன். அவருக்கு வெற்றிலை உண்டு, புகையிலை உண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டீ உண்டு. குடி கிடையாது. ஊர்க் கோயில் நோம்பியில் பங்காளிகள் எல்லாம் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கும்போது இவர் மட்டும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தன்.

நிருபருக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. அந்தப் பேப்பருக்கு ஏஜெண்டும் அவர்தான், விளம்பரம் பிடிப்பவரும் அவர்தான், சேதி எழுதுபவரும் அவர்தான். சின்ன ஊர்களில் அப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான். காலையில் பேப்பர் கட்டு சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்கும். நிருபர் எழுதும் சேதி ஒரு பழுப்புக் கவரில், மதியம் இரண்டு மணி பஸ்ஸில், கண்டக்டர் கையில் சேலத்துக்குப் போகும். அங்கே பேப்பர் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வான். ரொம்ப அவசரம் என்றால் ஐந்து மணி பஸ். இந்த பஸ்கள் எல்லாம் ஒரே கம்பெனி. போகவும் வரவும் கூலி கிடையாது. தீபாவளி மலரில் அந்தக் கம்பெனியின் வாழ்த்து முழுப் பக்கத்துக்கு இருக்கும்.

அந்தக் கம்பெனி பஸ் எதிலாவது மோதினால் பேப்பரில் 'தனியார் பஸ்' என்று வரும். வேறு கம்பெனி பஸ் மோதினால் பெயரோடு வரும். இரண்டையும் நான் வருஷக்கணக்கில் படித்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஒரு நாள் அண்ணன் ஆத்தூரில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். காலை பத்து மணி இருக்கும். புதுச்சத்திரம் தாண்டி, எதிரே அந்தக் கம்பெனி பஸ் முன்னால் போன இன்னொரு பஸ்ஸை முந்துவதற்காக வலது பக்கம் ஏறி வந்தது. அண்ணன் லாரியை மண்ணில் இறக்கியும் தப்பவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கை முறிந்தது, கால் முறிந்தது. யாரும் சாகவில்லை, அது கடவுள் புண்ணியம்.

சேதி கேட்டு நான் பதினோரு மணிக்கு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் நெற்றியில் ரத்தம் காய்ந்துபோய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். டாக்டர் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டபோது மூன்றே முக்கால் ஆகப் போகிறது. ஊதச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணைப் பார்த்தார். குடித்திருக்கவில்லை என்று நேரம் போட்டு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதுவரை நான் அங்கிருந்து நகரவில்லை. நிருபர் அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலைப் பேப்பரில் இருந்தது. குடிபோதையில் தாறுமாறாக லாரி ஓட்டி வந்ததாகக் கூறப்படும் டிரைவர், தனியார் பஸ் மீது மோதினார். அண்ணன் பெயர், வயது, ஊர், அப்பா பெயர் எல்லாம் சரியாக இருந்தது. பஸ்ஸுக்கு மட்டும் பெயர் இல்லை. அந்த பஸ்ஸின் நெற்றியில் இரண்டு முழ நீளத்துக்கு, மஞ்சளில் எழுதி சிவப்பில் கரை கட்டிப் பெயர் எழுதியவனே நான்தான். அது நிருபரின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

லாரி முதலாளி அந்த வாரமே அண்ணனை நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. சர்டிபிகேட்டைப் படித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஆனால் சரக்கு ஏற்றி விடுகிற மண்டிக்காரர்கள் எல்லாம் பேப்பர் படிக்கிறவர்கள், அவர்களுக்குத் தான் வீடு வீடாகப் போய் சர்டிபிகேட் காட்ட முடியுமா என்று கேட்டார். அண்ணன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

நான் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நிருபரின் கடைக்குப் போனேன். மறுப்புப் போடச் சொல்லிக் கேட்டேன். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுத்தான் எழுதியதாகவும், கவரை ஐந்து மணி பஸ்ஸில்தான் அனுப்பியதாகவும் சொன்னார். பிறகு எனக்கு நல்லது சொல்வதுபோல் குரலை இறக்கினார்.

"மறுப்புப் போட்டா, முதல்ல படிக்காதவனும் படிப்பானுங்க. குடிகாரன்ங்கற வார்த்தை மறுபடியும் அச்சாகும். உங்கண்ணனுக்குத்தானுங்க கேவலம்."

குடித்திருந்தார் என்று ஸ்டேஷனில் யார் சொன்னது என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"ஏனுங்க பெயிண்டரே, இந்த மாசம் உங்க ஷெட்டுல யாரு வண்டி நிக்குது?"

அந்தக் கம்பெனியின் மூன்று பஸ் நின்றது. அவருக்கும் தெரியும். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்து, அந்த மூன்று பஸ்ஸுக்கும் பெயர் எழுதி முடித்தேன். இதை மறைத்துவிட்டு அவரை மட்டும் திட்டினால் நானும் அவரும் ஒன்று. அந்த பஸ் கம்பெனி முதலாளியின் கை அவர் தோள்மீது இருந்த மாதிரி என் தோள்மீதும் இருந்தது. வித்தியாசம், நான் அடுத்தவனைப் பற்றிப் பொய் எழுதவில்லை.

அப்புறம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சேலம் ஆபீஸுக்கே நேராக எழுதிவிடலாம் என்று, நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதி, டாக்டர் கொடுத்த அசல் சர்டிபிகேட்டையும் உள்ளே வைத்து, கவரை ஒட்டினேன். எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

ஆமாம், அதே கம்பெனி பஸ். அந்த பஸ் முதலாளிக்கு எதிரான கடிதத்தை அந்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊரில் பேப்பர் ஆபீஸுக்கு எது போனாலும் அப்படித்தான் போகும். சாவுச் சேதியானாலும் சரி, கோயில் கும்பாபிஷேகம் ஆனாலும் சரி, கண்டக்டர் கையில் கொடுத்தால் சாயங்காலம் சேர்ந்துவிடும். தபால் பெட்டி பத்தடி தூரத்தில் சிவப்பாக நின்றது. அதைப் பார்க்கவே தோன்றவில்லை எனக்கு. கவரை வாங்கிய கண்டக்டர், "சேத்தீர்றனுங்ணா" என்று சொல்லி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

மறுப்பு வரவில்லை. பதிலும் வரவில்லை. சர்டிபிகேட் போனது போனதுதான்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. யாரிடம் பேசினாலும் முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் பேசுவார். கல்யாண வீட்டில் மாமன் மச்சான் யாராவது தள்ளி உட்கார்ந்தால், "ஊதிக் காட்டட்டுங்களா மாப்ள?" என்று கேட்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலைக்கு ஒரு செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டினார். ரோட்டுக்கு வண்டி எடுக்கவே இல்லை.

நான் பேப்பர் படிக்கிற விதம் மாறிவிட்டது. ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில் ஒன்றைப் பாராட்டிச் சேதி வந்தால், உள்பக்கத்தைப் புரட்டி அந்த மில்லின் விளம்பரத்தைத் தேடுவேன். இருக்கும். மில் தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டுப்போச்சு என்று ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர்கள் ஷெட்டில் சொல்வார்கள். அதைத் தேடினால் இருக்காது. ஒரு கட்டத்தில், சேந்தமங்கலத்தில் மழை என்று போட்டிருந்தால் கூட, அந்தப் பக்கமிருந்து வரும் லாரியின் டயரில் சேறு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

விபத்துக்காக அண்ணன்மேல் போலீஸ் போட்ட வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. டாக்டர் வந்து சாட்சி சொன்னார். அண்ணன்மேல் தப்பு இல்லை என்று தீர்ப்பாயிற்று. அன்று நிருபர் கோர்ட்டில் இருந்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் ஆசையாகப் பேப்பர் வாங்கினேன். அதே கோர்ட், அதே நாள், ஆடு திருடியவனுக்குத் தண்டனை என்று நாலு வரி இருந்தது. அண்ணன் சேதி இல்லை.

அதற்கும் கொஞ்ச நாள் கழித்து அந்த இரண்டு மணி பஸ் கண்டக்டர் ஷெட்டுக்கு வந்தான். அவனுக்கு அரசு பஸ்ஸில் வேலை கிடைத்திருந்தது. சொல்லிக்கொண்டு போக வந்தவன், பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"ஏனுங்ணா, உங்கண்ணன் சேதியச் சேலத்துக்குக் கொண்டுட்டுப் போனதே நாந்தானுங்க. ரெண்டு மணி ட்ரிப்புல."

ஐந்து மணி பஸ்தானே என்றேன்.

"இல்லீங்ணா. அன்னைக்கு நிருபர் கடையே தொறக்கல. எங்க மொதலாளி ஆபீஸ்லதான் உக்காந்து எழுதிக் குடுத்தாருங்க. நான் வெளிய நின்னு வாங்கினேன்."

டாக்டர் அண்ணனைப் பார்த்தது மூன்றே முக்காலுக்கு. கவர் கிளம்பியது இரண்டு மணிக்கு. என் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கவர் எதுவானாலும் பஸ் கம்பெனி ஆபீஸில் காட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று அந்த விபத்துக்குப் பிறகு உத்தரவாம். காட்டினானாம். திருப்பித் தரவில்லையாம்.

இதை எழுதிக் கொடு என்று கேட்டேன். அவனுடைய மச்சான் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் டிரைவர், ஆளை விடுங்க என்று போய்விட்டான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த முதலாளிமேல் அவனுக்கும் ஏதாவது வருத்தம் இருந்திருக்கலாம். யாரையும் முழுசாக நம்பாமல் இருக்க இந்த விவகாரம் எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. ஆனால் பொய் என்றால் அதைச் சொல்ல வேண்டியவர் நிருபர். நான் ஊரெல்லாம் சொல்லியும் அவர் மறுக்கவில்லை.

நான் இதை எழுதப் போகிறேன் என்று போன மாதம் டீக்கடையில் சொன்னேன். மூன்றாம் நாள் நிருபர் ஆள் அனுப்பினார். பழசையெல்லாம் கிளற வேண்டாமாம். வீட்டுக்கே வந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாராம். நான் ஊருக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் டிராக்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஊட்டுக்கு வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்றாரு? நான் குடிக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. பேப்பர் படிச்சவங்ககிட்டச் சொல்லச் சொல்லு."

அதனால் நிருபரே, வீட்டுக்கு வர வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வராதபோது, என் அண்ணன் குடித்திருந்தார் என்று உங்களிடம் சொன்னது யார்? அந்த ஆளின் பெயரை, அதே பேப்பரில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். யாருமே சொல்லவில்லை என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.