சிலையின் பொன்னாடை

திண்டிவனத்தில், நிலக்கடலை விற்கும் மல்லாட்டை மண்டி வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே கோட்டும் தலைப்பாகையுமாக ஆளுயரச் சிலை. தோளில் கட்சிக்காரர்கள் போர்த்திய பொன்னாடை. யாரென்று மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம் கேட்கிறேன்.

“இவரு வெள்ளக்காரன் காலத்துல பெரிய மல்லாட்டை யாவாரிங்க. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சி ரகசியமா வெல பேசுறத ஒழிக்கணும்னுதான் சட்டசபைக்கே போனாரு.”

“ஒழிஞ்சுதா?”

அதற்குள் தரகர் வந்து, விவசாயியின் மூட்டையைப் பார்த்து நிற்கும் வியாபாரியின் கையைப் பிடிக்கிறார். இருவரிடமும் துண்டில்லை. சிலையின் பொன்னாடையை உருவிக் கைகளை மூடிக்கொள்கிறார்கள். துணிக்குள் விரல்கள் அசைகின்றன. பிறகு பொன்னாடை சிலையின் தோளுக்கே திரும்புகிறது.

விவசாயி எழுந்து தரகரைக் கும்பிடுகிறார். “என்ன வெலங்க?”

“அதெல்லாம் முடிஞ்சிபோச்சி. இன்னும் ஏன் நின்னுக்கினு இருக்க? மூட்டயத் தூக்கு.”

தூக்குகிறார்.