பெரியப்பாவின் எஞ்சினுக்கு வைத்த நேர்த்தி

விற்கப்போகிற காருக்கு வேறு எஞ்சின் போட்டே தீருவேன் என்று நின்ற மனிதர் ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் என் பெரியப்பா. அப்போது எனக்கு ஒன்பது வயது. தெற்கில் ஒரு சிங்களப் பட்டணத்தில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர், கலவரத்தில் கடை எரிந்தபின், பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு புகை கக்கும் காரொன்றில் எங்கள் தீவிலுள்ள புளியங்கூடலில், வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினார். காரும் அத்தோடு படுத்துவிட்டது.

காரை விற்று, ஒரு துண்டுக் காணி வாங்கி, இங்கேயே இருந்துவிடுவது என்று முதல் வாரமே முடிவாகியிருந்தது. சரவணை ஊர்த் தபாலதிபர் வந்து பார்த்துவிட்டு, எஞ்சின் இருக்கிறபடியே இருக்கட்டும், எடுக்கிறேன் என்றார். ஊர்காவற்றுறையிலிருந்து வந்த மெக்கானிக் மட்டும் பழசைத் திருத்தலாம் என்றார்.

"எஞ்சினுக்குப் புது றிங் போட்டுவிட்டால் தீவுக்குள்ளை ஓடும். தூரப் பயணம் தாங்காது. விக்கிறதுக்கு அது காணும்."

"அரைகுறை வேலை செய்து ஒருத்தரின்ரை தலையிலை கட்ட ஏலாது. மாத்தத்தான் வேணும்" என்றார் பெரியப்பா.

"வாங்கிற ஆளே கேக்கேல்லை. உங்களுக்கு என்ன அண்ணை?" என்றார் அவருடைய தம்பியான என் ஐயா.

பெரியப்பா சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தடவிக்கொண்டார். அது பக்கத்துக் கடைச் சிங்களவர் எழுதியது. சுவர்கள் நிற்கின்றன, கூரையை நான் போட்டுத் தருகிறேன், வந்து கடையைத் திறவுங்கள் என்று எழுதியிருந்ததாம். காருக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. விற்கவேண்டும் என்றவர்கள் எல்லோரும் எஞ்சின் கெட்டே கிடக்கட்டும் என்றதும் எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

பெரியம்மா இந்தப் பேச்சில் வாய் திறப்பதில்லை. கலவர நாட்களில் மூன்று நாள் ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்து கிடந்தவர் அவர். அந்தப் பட்டணத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார். வள்ளத்தில், எதற்குப் போகிறோம் என்று கேட்டேன்.

"அந்தக் கார் எஞ்சினுக்கு ஒரு நேத்திக்கடன், பிள்ளை" என்றார்.

கோயிலில் அவர் கண்ணை மூடி நின்ற நேரம் நானும் சும்மா இருக்கவில்லை. அம்மாளாச்சி, பெரியப்பாவின் காருக்கு நல்ல எஞ்சினாகக் கொடு என்று உருக்கமாகக் கும்பிட்டேன். பெரியம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்ற பெருமை வேறு. பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேர் நேரெதிராகக் கேட்டால் அந்த அம்மன்தான் என்ன செய்வாள்?

பத்தாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் எஞ்சின் வந்தது. மோதி நொறுங்கிய காரொன்றிலிருந்து கழற்றிய நல்ல எஞ்சின். மெக்கானிக் மூன்று நாள் மல்லுக்கட்டி அதைப் பூட்டினார். பெரியப்பா சாவியைத் திருப்பியதும் பொட்டுப் புகையில்லாமல் கார் உறுமியது. ஊருக்கு வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எஞ்சின் பூட்டுவதைப் பார்க்க வந்து நின்ற தபாலதிபரிடம், "குறை நினையாதையும். கார் விக்கேல்லை" என்றார்.

பெரியம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன். "பெரியம்மா, நேத்தி பலிச்சிட்டுது. கார் இனி எவ்வளவு தூரமும் போகுமாம். நானும் அம்மனிட்டைக் கேட்டனான்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. போகும்" என்றவர், என்னை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருடைய கண்ணீரில் என் சட்டைத் தோள் நனைந்தது. என் நேர்த்தியால் ஒருவர் இவ்வளவு சந்தோசப்படுவது எனக்குத் தாங்கமுடியாத பெருமையாக இருந்தது. முற்றத்துக்கு ஓடிவந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"பெரியம்மா சந்தோசத்திலை அழுகிறா."

மெக்கானிக் சிரித்தார். ஐயா நிலத்தைப் பார்த்தார். பெரியப்பா காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை.